எலுமிச்சை தேய்த்தால் பல் வெளுக்குமா?

வாசகர் கேள்விகளுக்குப் பல் மருத்துவரின் பதில்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் முக்கால்வாசி ஒரே விஷயத்தைத்தான் கேட்கின்றன: வீட்டில் இருக்கிற பொருட்களை வைத்தே பல்லை வெள்ளையாக்க முடியுமா? ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். எலுமிச்சை பற்றிய கேள்விக்கு மட்டும் பதில் நீளமாக இருக்கும். பல் கூச்சத்தோடு என்னிடம் வரும் இளைஞர்களிடம் "பல்லில் எதையாவது தேய்த்தீர்களா?" என்று கேட்டால் அடிக்கடி வருகிற பதில் அதுதான்.

கேள்வி: டாக்டர், எலுமிச்சைச் சாற்றில் சமையல் சோடாவைக் குழைத்து வாரம் இரண்டு தடவை பல் தேய்க்கிறேன். முதல் தடவையே பல் பளிச்சென்று ஆனது. இப்போது குளிர்ந்த தண்ணீர் குடித்தால் சுரீர் என்கிறது. முன்பு இருந்த வெண்மையும் இல்லை. அளவைக் கூட்ட வேண்டுமா? – கல்லூரி மாணவி

இன்றோடு நிறுத்திவிடுங்கள். கூட்டவும் வேண்டாம், குறைத்துத் தொடரவும் வேண்டாம்.

உங்களுக்கு முதல் தடவை பல் வெளுத்தது பொய்யில்லை. ஆனால் அது எப்படி வெளுத்தது என்று தெரிந்தால் மறுபடி எலுமிச்சையைப் பல் பக்கம் கொண்டுபோக மாட்டீர்கள்.

பல்லின் மேல் இருக்கும் எனாமல் நம் உடம்பிலேயே மிகக் கடினமான பொருள். எடையில் ஏறத்தாழ 96 சதவீதம் கனிமம். ஈறுக்குள் பல் உருவாகும்போது அந்த எனாமலைச் செய்த செல்கள், பல் முளைத்து வெளியே வரும்போதே அழிந்துவிடுகின்றன. அதனால் தோல் கிழிந்தால் ஆறுவது போலவோ எலும்பு முறிந்தால் கூடுவது போலவோ எனாமல் மீண்டும் வளராது. போனது போனதுதான்.

அமிலத்தின் கடுமையை பிஎச் என்ற அளவால் சொல்வோம். எண் குறையக் குறைய அமிலம் கடுமையாகும். ஒரு எண் குறைந்தால் பத்து மடங்கு. வாயில் பிஎச் 5.5-க்குக் கீழே போனால் எனாமலில் இருக்கும் கனிமம் கரையத் தொடங்கும். எலுமிச்சைச் சாறு 2-க்கும் 2.5-க்கும் இடையில் இருக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள், அந்த எல்லையைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் கடுமையான அமிலத்தைப் பிரஷ்ஷில் வைத்துத் தேய்த்திருக்கிறீர்கள். சோடா சேர்ப்பதால் அமிலம் முறிந்துவிடும் என்று சிலர் சொல்வார்கள். கலக்கும்போது நுரைக்கிறதே, அது அமிலமும் காரமும் ஒன்றையொன்று முறிக்கும் வேலைதான். ஆனால் சோடா முழுவதும் தீர்ந்த பிறகும் சாறு மிச்சமிருந்தால் அமிலமும் மிச்சமிருக்கும். கையால் குத்துமதிப்பாகக் கலக்கும் கலவையில் எது மிஞ்சுகிறது என்று யாருக்கும் தெரியாது. சரி, சரியான அளவில் கலந்து முழுவதும் முறிந்துவிட்டதாகவே வைத்துக்கொள்வோம். அப்போது எலுமிச்சையால் பல்லுக்கு நடப்பதும் ஒன்றுமில்லை.

இப்போது அந்தப் பளிச்சுக்கு வருகிறேன். பல் நிற சிமென்ட் வைத்துச் சொத்தையை அடைக்கும்போது, நாங்களே அந்த இடத்தில் அமிலம் வைப்போம். பாஸ்பாரிக் அமில ஜெல், பெரும்பாலும் 37 சதவீதம். எனாமலில் 15 முதல் 30 விநாடிதான் வைப்போம். கழுவிக் காற்றடித்து உலர்த்தினால் அந்த இடம் மட்டும் சுண்ணாம்பு பூசியது போல வெளுத்துத் தெரியும். அந்த வெள்ளையைப் பார்த்துத்தான், அமிலம் மேற்பரப்பை அரித்துவிட்டது, இனி சிமென்ட் பிடிக்கும் என்று தெரிந்துகொள்வோம். வழவழப்பாக இருந்த பரப்பில் கண்ணுக்குத் தெரியாத குழிகள் விழுந்து, அதில் படும் வெளிச்சம் நாலாபக்கமும் சிதறுவதால் வருகிற வெள்ளை அது. கண்ணாடியை உப்புத்தாளால் தேய்த்தால் வெளுத்துப் போகுமே, அதே கதை. நாங்கள் அடுத்த நிமிடமே அந்தக் குழிகளை ரெசின் என்ற பிசின் வைத்து மூடிவிடுகிறோம். உங்கள் பல்லில் அவை திறந்தே கிடக்கின்றன. போதாததற்கு, அமிலத்தில் இளகியிருந்த பரப்பின் மேல் பிரஷ்ஷையும் ஓட்டியிருக்கிறீர்கள்.

அதற்குப் பிறகு நடப்பது இரண்டு. சொரசொரப்பான பரப்பில் காபி, டீயின் கறை முன்பைவிடச் சீக்கிரம் ஒட்டும். இன்னொன்று, எனாமல் மெலிய மெலிய, அடியில் இருக்கும் டென்டின் வெளியே தெரியும். டென்டினின் இயல்பான நிறமே மஞ்சள். பல்லை வெள்ளையாக்கத் தேய்த்தவர்களுக்குச் சில மாதங்களில் பல் முன்பைவிட மஞ்சளாவது இதனால்தான். மஞ்சளானதும் "இன்னும் நன்றாகத் தேய்க்க வேண்டும் போல" என்று அளவைக் கூட்டுகிறார்கள். நீங்களும் அதைத்தான் கேட்டிருக்கிறீர்கள். அந்த இடத்தில் உங்கள் கடிதம் வந்து சேர்ந்ததில் எனக்கு நிம்மதி.

சுரீர் என்பதற்கும் காரணம் இதே. டென்டின் முழுக்க நுண்ணிய குழாய்கள். அவை உள்ளே நரம்பு இருக்கும் பகுதிவரை போகின்றன. மேலே மூடி மெலிந்தால், குளிர்ச்சி பட்டதும் குழாய்க்குள் இருக்கும் நீர் அசைந்து நரம்பைத் தூண்டும்.

இனி என்ன செய்யலாம்? மென்மையான பிரஷ். ஃப்ளோரைடு உள்ள பேஸ்ட்; கூச்சத்துக்கென்று பொட்டாசியம் நைட்ரேட் சேர்த்து வரும் பேஸ்ட்டுகளில் பலவற்றில் ஃப்ளோரைடும் இருக்கும், அட்டையில் பார்த்து வாங்குங்கள். அதை வைத்துக் காலையும் இரவும் தேய்த்துவிட்டு, நுரையைத் துப்புங்கள், தண்ணீர் விட்டு நிறையக் கொப்பளிக்க வேண்டாம். ஃப்ளோரைடு கொஞ்ச நேரம் பல்லில் தங்கட்டும். இந்த வகை பேஸ்ட் வேலை செய்யச் சில வாரம் எடுக்கும். இளகி, ஆனால் கழன்று போகாமல் நிற்கிற எனாமலை உமிழ்நீரில் இருக்கும் கால்சியமும் பாஸ்பேட்டும் மறுபடி இறுக்கிவிடும். உங்கள் வயதில் அந்த வேலை நன்றாகவே நடக்கும். அப்படியும் ஒரு மாதத்தில் கூச்சம் குறையாவிட்டால், அல்லது குளிர்ச்சி போன பிறகும் வலி நீடித்தால், நேரில் காட்டுங்கள்.

எலுமிச்சைச் சாறு குடிப்பதை நான் தடுக்கவில்லை. ஒரேயடியாகக் குடித்து முடியுங்கள், மணிக்கணக்கில் உறிஞ்ச வேண்டாம். முடித்ததும் வெறும் தண்ணீரில் கொப்பளியுங்கள். அப்புறம் அரை மணி நேரமாவது கழித்துத்தான் பிரஷ்ஷைத் தொட வேண்டும்.

கேள்வி: எலுமிச்சை வேண்டாம் என்றால் ஸ்ட்ராபெர்ரி, ஆப்பிள் வினிகர், வாழைப்பழத் தோல், ஆரஞ்சுத் தோல் இவற்றில் எது நல்லது? – இல்லத்தரசி

வினிகரும் எலுமிச்சையும் ஒரே கூட்டம்தான். மேலே சொன்ன அத்தனையும் வினிகருக்கும் பொருந்தும்.

ஸ்ட்ராபெர்ரியில் மாலிக் அமிலம் இருக்கிறது, அது கறையை எடுக்கும் என்பது பலகாலப் பேச்சு. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் இதைப் பிடுங்கிய பற்களில் வைத்துச் சோதித்தார்கள். ஸ்ட்ராபெர்ரியும் சமையல் சோடாவும் கலந்து தேய்த்த பற்கள் ஒரு பக்கம், பெராக்சைடு உள்ள வெண்மைப் பொருட்களைப் போட்ட பற்கள் இன்னொரு பக்கம். 2014-இல் முடிவு வெளிவந்தது. ஸ்ட்ராபெர்ரி கலவையில் பல்லின் நிறம் உண்மையாக மாறவில்லை. மேலே ஒட்டியிருந்ததுதான் கொஞ்சம் போனது. அதைச் சாதாரண பேஸ்ட்டே செய்துவிடும். பழத்தைச் சாப்பிடுங்கள், பல்லில் அரைத்துப் பூசாதீர்கள்.

வாழைப்பழத் தோல் பல்லைக் கெடுக்காது, வெளுக்கவும் வைக்காது. ஆரஞ்சுத் தோலின் உள்பக்கத்தைத் தேய்க்கும்போது பழத்தின் புளிப்பும் கூடவே வருகிறது, தவிர்ப்பது நல்லது.

கேள்வி: அப்படியானால் வெறும் சமையல் சோடா? அதுவும் பல்லைத் தேய்த்துவிடும் என்று சொல்கிறார்களே? – கணக்காளர்

வீட்டுப் பொருட்களில் நான் மனதார "சரி" சொல்வது இது ஒன்றுக்குத்தான்.

சமையல் சோடா வெள்ளைத் தூளாக இருப்பதால் கரடுமுரடு என்று பலர் நினைக்கிறார்கள். கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் எனாமல் சுமார் 5, சோடா 2.5 அளவில்தான் நிற்கிறது. தன்னைவிடக் கடினமான பொருளை அது கீறாது. தண்ணீர் பட்டதும் கரையவும் செய்கிறது. பேஸ்ட்டுகளின் தேய்க்கும் திறனை ஆர்டிஏ என்ற எண்ணால் குறிப்போம். பேஸ்ட்டுக்கு அனுமதிக்கப்பட்ட உச்ச வரம்பு 250. சுத்தமான சமையல் சோடாவின் எண் 7 என்று சொல்லப்படுகிறது. தவிர அது காரத்தன்மை உள்ளது, பிஎச் 8-க்குச் சற்று மேல். வாயில் இருக்கும் அமிலத்தை முறிக்குமே தவிரக் கூட்டாது.

அது எடுப்பது மேல்கறையை மட்டும்: காபி, டீ, புகை ஒட்டிய பழுப்பு. நனைத்த மென்மையான பிரஷ்ஷில் ஒரு சிட்டிகை தொட்டு, ஒரு நிமிடம், வாரத்தில் ஓரிரு முறை போதும். அழுத்த வேண்டாம். பிரஷ்ஷின் நார் மூன்றே வாரத்தில் விரிந்து போகிறது என்றால் அழுத்துகிறீர்கள் என்று அர்த்தம், அது எந்தப் பொடியையும்விட மோசம். முக்கியமாக, சோடாவில் ஃப்ளோரைடு கிடையாது. பேஸ்ட்டை விட்டுவிட்டு சோடாவுக்கு மாறினால் பல் வெளுக்கலாம், சொத்தையும் வரலாம். பேஸ்ட் போட்டுத் தேய்ப்பது அப்படியே நடக்கட்டும், இது கூடுதலாக. ரத்த அழுத்தத்துக்காக உப்பைக் குறைத்திருப்பவர்கள் விழுங்காமல் நன்றாகத் துப்பிவிடுங்கள், சோடாவிலும் சோடியம்தான்.

பொடி உப்பைப் பற்றியும் சிலர் கேட்டிருந்தீர்கள். உப்பு போட்ட வெதுவெதுப்பான தண்ணீர் ஈறு வீங்கியிருக்கும்போது கொப்பளிக்க அருமையானது. பரல் பரலான உப்பை ஈறு ஓரத்தில் வைத்துத் தேய்ப்பது வேண்டாம். ஈறு தேய்ந்து இறங்கினால் அங்கே எனாமலே கிடையாது, நேராக வேர்தான் வெளியே வரும்.

கேள்வி: கரித்தூள் பேஸ்ட் எல்லா இடத்திலும் விற்கிறது. கரி நஞ்சையெல்லாம் உறிஞ்சும், பல்லில் இருக்கும் கறையையும் உறிஞ்சிவிடும் என்கிறார்கள். வாங்கலாமா? – ஐடி ஊழியர்

விஷம் குடித்தவர்களுக்கு மருத்துவமனையில் ஆக்டிவேட்டட் சார்க்கோல் கொடுப்பது உண்மை. வயிற்றில் நிறைய நேரம், நிறைய அளவில் அது வேலை செய்கிறது. பல்லில் இரண்டு நிமிடம் பட்டுப் போகும் கரி எனாமலுக்குள் இருக்கும் நிறத்தை இழுத்தெடுக்காது. மேல்கறை போவது உறிஞ்சுவதால் அல்ல, உராய்வதால். அந்த உராய்வு எவ்வளவு என்பது தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறுகிறது. சில மென்மை, சில முரடு. குழாயைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. அமெரிக்கப் பல் மருத்துவ சங்கத்தின் இதழில் 2017-இல் கரிப் பொருட்கள் பற்றி அதுவரை வெளியான ஆய்வுகளையெல்லாம் தொகுத்துப் பார்த்தார்கள். அவை பாதுகாப்பானவை என்பதற்கும் பலன் தருபவை என்பதற்கும் போதுமான ஆதாரம் இல்லை என்பதே முடிவு.

நான் நேரில் பார்ப்பது வேறொன்று. பல் நிற அடைப்பைச் சுற்றியும் பல்லில் இருக்கும் மயிரிழை விரிசல்களிலும் கரி போய் உட்கார்ந்து மெல்லிய கறுப்புக் கோடாகத் தெரியும். அதைச் சொத்தை என்று பயந்து வருவார்கள். பாலிஷ் செய்தாலும் சில சமயம் போகாது, அடைப்பையே மாற்ற வேண்டிவரும். ஏற்கெனவே முன்பல்லில் அடைப்போ, கேப் என்கிற உறையோ இருப்பவர்கள் கரி பக்கமே போக வேண்டாம். மற்றவர்களுக்கும் அதை வாங்கச் சொல்ல என்னிடம் காரணம் இல்லை.

கேள்வி: தேங்காய் எண்ணெயில் வாய் கொப்பளித்தால் பல் வெளுக்குமா? மஞ்சள் தூளும் போடச் சொல்கிறார்களே? – ஆசிரியை

எண்ணெய் கொப்பளிப்பதால் பல்லில் படியும் படிவமும் ஈறு வீக்கமும் ஓரளவு குறைவதாகச் சில சிறிய ஆய்வுகள் சொல்கின்றன. பல்லின் நிறம் மாறியதற்கு நம்பத்தகுந்த ஆதாரம் இல்லை. உங்களுக்குப் பிடித்திருந்தால் செய்யுங்கள், செய்த பிறகு வழக்கம்போலப் பல் தேயுங்கள். தொண்டைக்குள் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் ஒருவகை நிமோனியா வரலாம். சிறு பிள்ளைகளுக்கும், விழுங்குவதில் சிரமம் உள்ள முதியவர்களுக்கும் இது வேண்டாம்.

மஞ்சள் ஒரு சாயம். அதிலிருக்கும் குர்குமின் துணியில் பட்டாலே போவதில்லை. பல்லில் கிளிப் போட்டிருப்பவர்களின் ரப்பர் வளையங்களையும், பல் நிற அடைப்பையும் அது நன்றாகவே மஞ்சளாக்கும்.

கேள்வி: என் மகனுக்கு 7 வயது. பால் பல் விழுந்து புதிதாக முளைத்த பற்கள் பக்கத்துப் பற்களைவிட மஞ்சளாக இருக்கின்றன. பள்ளியில் கிண்டல் செய்கிறார்கள். பிஞ்சுப் பல்லுக்கு ஏற்ற இயற்கை வைத்தியம் சொல்லுங்கள். – ஒரு தாய்

வைத்தியம் தேவையே இல்லை அம்மா. இந்த வயதுப் பிள்ளைகளின் பெற்றோர் கிட்டத்தட்ட எல்லோரும் என்னிடம் இதைக் கேட்கிறார்கள். பால் பல் இயற்கையிலேயே பால் வெள்ளை. நிலைப்பல்லின் எனாமல் கொஞ்சம் ஊடுருவித் தெரியக்கூடியது, அடியில் டென்டினும் அதிகம். அதனால் மஞ்சள் சாயலாகத்தான் இருக்கும். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதால் வித்தியாசம் கண்ணில் அடிக்கிறது. பால் பற்கள் எல்லாம் விழுந்து முடிந்ததும், ஒப்பிட ஆள் இல்லாமல் அந்த மஞ்சள் கண்ணில் படாது. ஓரம் ரம்பம் போல இருப்பதும் இயல்பு, கடித்துக் கடித்துச் சமமாகிவிடும்.

புதிதாக முளைத்த பல்லின் எனாமல் இன்னும் முழுதாக இறுகியிருக்காது. அமிலமும் சொத்தையும் சீக்கிரம் தாக்கும் காலம் அது. அதனால் அவன் பல்லில் எலுமிச்சை, சோடா, கரி எதையும் வைக்காதீர்கள். பட்டாணி அளவு ஃப்ளோரைடு பேஸ்ட், இரவில் நீங்கள் பக்கத்தில் நின்று தேய்க்க வையுங்கள். இந்த வயதில் தானாக ஒழுங்காகத் தேய்க்கும் அளவுக்குக் கை பழகியிருக்காது.

கிண்டல் பற்றி அவனிடம் நேராகவே பேசுங்கள்: "இது பெரிய பல், சாகும்வரை உன்னோடு இருக்கப்போகிற பல், இதன் நிறமே இதுதான்." என் அறையில் பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் உடனே கண்ணாடியை வாங்கிப் பெருமையாகப் பார்த்துக்கொள்வார்கள்.

இன்னொரு தாய், குழந்தைக்கு இரும்புச்சத்து டானிக் கொடுத்ததும் பல் கறுத்துவிட்டது என்று எழுதியிருந்தார். அது மேல்கறை, மருத்துவமனையில் பாலிஷ் செய்தால் போய்விடும். டானிக்கை நிறுத்த வேண்டாம். கொடுத்த பிறகு தண்ணீர் குடிக்க வையுங்கள்.

கேள்வி: எனக்கு 64 வயது. புகை, மது எதுவும் கிடையாது. ஆனாலும் பல் வருடத்துக்கு வருடம் மஞ்சளாகிறது. வீட்டில் எதைப் போட்டாலும் மாறவில்லை. உள்ளே ஏதாவது நோயா? – ஓய்வுபெற்ற அலுவலர்

நோய் இல்லை ஐயா, வயது. 60 வருடம் மென்றதில் எனாமல் கொஞ்சம் தேய்ந்திருக்கும். உள்ளே டென்டின் வாழ்நாள் முழுவதும் மெதுவாகத் தடித்துக்கொண்டே வரும். மேலே மெலிந்து அடியில் தடித்தால் மஞ்சள் தூக்கலாகத்தான் தெரியும். இந்த மஞ்சள் பல்லின் மேல் இல்லை, உள்ளே இருக்கிறது. அதனால்தான் எதைத் தேய்த்தும் மாறவில்லை.

மேல்கறையா உள்நிறமா என்று வீட்டிலேயே ஓரளவு கண்டுபிடிக்கலாம். பகல் வெளிச்சத்தில் கண்ணாடி முன் நில்லுங்கள். நிறம் ஈறு ஓரத்திலும் இரண்டு பல்லுக்கு நடுவிலும், கீழ் முன்பற்களின் நாக்குப் பக்கத்திலும் திட்டுத்திட்டாக இருந்தால் அது மேல்கறை அல்லது காரை. பல் முழுக்க ஒரே சீராக, ஈறை ஒட்டிய பல்லின் கழுத்துப் பக்கம் கொஞ்சம் அடர்ந்து இருந்தால் அது பல்லின் சொந்த நிறம்.

எங்களிடம் பல் நிறத்தை ஒப்பிட ஒரு நிறச்சட்டம் உண்டு. அதிகம் புழங்குவதில் 16 நிறங்கள். அதில் ஒன்றுகூடக் காகித வெள்ளை இல்லை. எல்லாம் மஞ்சள், பழுப்பு, சாம்பல் சாயல்கள்தான், ஆரோக்கியமான மனிதப் பற்களைப் பார்த்துச் செய்தவை. அதைக் கையில் கொடுத்து "உங்கள் பல் இதில் எங்கே இருக்கிறது பாருங்கள்" என்று சொன்னாலே பலரின் கவலை பாதி இறங்கிவிடும். விளம்பரத்தில் தெரிகிற வெள்ளை பெரும்பாலும் வெனீர் என்று பல்லின் மேல் ஒட்டும் மெல்லிய ஓடு, இல்லையென்றால் படத்தில் திருத்தியது.

ஒரே ஒரு பல் மட்டும் சாம்பலாகவோ கறுப்பாகவோ மாறினால் அது வேறு விஷயம். என்றோ அடிபட்டு உள்ளே நரம்பு செத்திருக்கலாம். அதை வயதின் கணக்கில் எழுதாமல் சீக்கிரம் காட்டுங்கள். குளோர்ஹெக்சிடின் கலந்த மவுத்வாஷை நீங்களாகவே வாரக்கணக்கில் தொடர்ந்தாலும் பழுப்புக் கறை படியும். இது மேல்கறை, சுத்தம் செய்தால் போகும்.

கேள்வி: சிறுவயதிலிருந்தே என் முன்பற்களில் வெள்ளையும் பழுப்புமான திட்டுகள். எங்கள் தெருவில் பலருக்கும் இருக்கிறது. எதைத் தேய்த்தால் போகும்? – தையல் கலைஞர்

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் ஃப்ளோரோசிஸ் போலத் தெரிகிறது, நேரில் பார்த்தால்தான் உறுதி. ஈறுக்குள் எனாமல் உருவாகும் வயதில், ஏறக்குறைய 8 வயதுவரை, குடிதண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம் இருந்தால் இப்படி ஆகும். ஒரே தண்ணீரைக் குடித்து வளர்ந்தவர்கள் பலருக்கும் இருப்பது அதனால்தான். அமெரிக்காவில் கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகரத்துக்கு 1901-இல் போன பிரெடரிக் மெக்கே என்ற பல் மருத்துவர், அங்கே பிறந்து வளர்ந்தவர்களின் பற்களில் பழுப்புக் கறையைப் பார்த்துத் திகைத்தார். தண்ணீர்தான் காரணம் என்று அவர் சந்தேகித்தாலும், தண்ணீரில் எது என்பது 1931-இல்தான் தெரிந்தது. குடிநீரில் ஃப்ளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு.

பல் முளைக்கும் முன்பே எனாமலின் உள்ளே அமைந்துவிட்ட திட்டு இது. வீட்டில் எதைத் தேய்த்தாலும் நல்ல எனாமல்தான் போகும். தயவுசெய்து எதையும் தேய்க்காதீர்கள். மருத்துவரிடம் மேற்பரப்பை மெல்லியதாகச் சீராக்குவது, ரெசினை ஊடுருவ விடுவது, பிளீச்சிங் என்று திட்டின் ஆழத்தைப் பொறுத்து வழிகள் உண்டு. உங்கள் தெருவில் 8 வயதுக்குக் கீழே குழந்தைகள் இருந்தால், தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுக்கச் சொல்லுங்கள். உங்கள் பல்லைவிட எனக்கு அந்தக் குழந்தைகளின் பல்லைப் பற்றித்தான் அதிகக் கவலை.

கேள்வி: காயத்துக்குப் போடும் ஹைட்ரஜன் பெராக்சைடால் வாய் கொப்பளித்தால் பல் வெளுக்கும் என்கிறார்கள். உண்மையா? – மாணவர்

பல்லின் உள்நிறத்தை மாற்றும் பொருள் பெராக்சைடு என்பது உண்மை. இது தெரியவந்ததே ஒரு தற்செயல். 1960களின் கடைசியில் அமெரிக்காவில் ஒரு பல் சீரமைப்பு மருத்துவர், ஈறு புண்ணுக்காகப் பெராக்சைடு கலந்த கிருமிநாசினியைப் பல்லில் மாட்டும் தட்டில் வைத்துப் போடச் சொன்னார். ஈறு ஆறியதோடு பல்லும் வெளுத்திருந்தது. 1989-இல் ஹேவுட், ஹேமன் என்ற இருவர் இந்த முறையை ஆய்விதழில் எழுதிய பிறகு உலகமெங்கும் பரவியது. அவர்கள் பயன்படுத்தியது 10 சதவீத கார்பமைடு பெராக்சைடு, அதாவது ஏறத்தாழ 3.5 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு.

ஆனால் அதைப் பல்லின் அளவுக்கே செய்த தட்டில், ஜெல்லாக, ஈறில் படாமல் வைப்பார்கள். புட்டியிலிருந்து வாயில் ஊற்றிக் கொப்பளித்தால் உமிழ்நீரில் கலந்து நீர்த்துப் போகும், ஈறும் நாக்கும் எரியும், பல்லில் தங்குவது குறைவு. விழுங்கும் ஆபத்து வேறு. ஐரோப்பிய ஒன்றியத்தில் 0.1 முதல் 6 சதவீதம் வரை பெராக்சைடு உள்ள வெண்மைப் பொருட்களைப் பல் மருத்துவர் மூலம்தான் கொடுக்க வேண்டும், 18 வயதுக்குக் கீழே கொடுக்கக்கூடாது என்று விதியே இருக்கிறது. சொத்தை, ஈறு நோய் இருப்பவர்கள் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். கர்ப்பிணிகளும் பாலூட்டுபவர்களும் தள்ளிப்போடுவது நல்லது.

கேள்வி: இரண்டு மாதத்தில் எனக்குக் கல்யாணம். மேல் முன்பல் ஒன்றில் பழைய அடைப்பு இருக்கிறது. பல் கொஞ்சமாவது வெண்மையாகத் தெரிய, பல்லைக் கெடுக்காமல் என்ன செய்யலாம்? – மணப்பெண்

வாழ்த்துகள்! இரண்டு மாதம் தாராளம்.

இந்த வாரமே போய்ப் பல்லைச் சுத்தம் செய்துகொள்ளுங்கள். காரை கல்லாக இறுகிவிட்டால் எந்தப் பிரஷ்ஷும் சோடாவும் அதை எடுக்காது. சுத்தம் செய்தால் பல் ஆடும், எனாமல் போய்விடும் என்று வீட்டில் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். காரை போன இடத்தில் இடைவெளி தெரிவதால்தான் அப்படித் தோன்றுகிறது. பல்லை ஆட்டிவைப்பது அந்தக் காரையும் அதன் அடியில் நடக்கும் ஈறு நோயும்தான். இதுவரை மேல்கறை மட்டுமே இருந்திருந்தால், சுத்தம் செய்த அன்றே உங்களுக்குத் திருப்தி வந்துவிடும். பாதிப் பேர் அதோடு நின்றுவிடுகிறார்கள், மேற்கொண்டு எதுவும் தேவைப்படுவதில்லை.

அதன் பிறகு தினமும் இரண்டு வேளை, இரண்டிரண்டு நிமிடம், ஃப்ளோரைடு பேஸ்ட். பல் இடுக்கில் நூல். காபி, டீ குடித்த பிறகு தண்ணீரில் கொப்பளியுங்கள். வாரம் ஒருமுறை சோடா சிட்டிகை போதும். வெண்மை தரும் என்று விற்கும் பேஸ்ட்டுகள் சிலவற்றில் ஒரு நீல நிறமி இருக்கும்; பல்லின் மேல் மெல்லியதாகப் படிந்து மஞ்சளைக் கொஞ்ச நேரம் மறைக்கும். கல்யாணத்தன்று காலையில் அதைப் போட்டுக்கொள்வதில் தப்பில்லை.

இதற்கு மேலும் வெண்மை வேண்டுமென்றால் மருத்துவர் மேற்பார்வையில் பிளீச்சிங். அப்போது ஒன்றைக் கவனியுங்கள். பெராக்சைடு உங்கள் பல்லை வெளுக்கும், அந்தப் பழைய அடைப்பை வெளுக்காது. அது மட்டும் தனியாக மஞ்சளாக நிற்கும். அதனால் முதலில் பிளீச்சிங், பிறகு புது நிறத்துக்கு ஏற்ப அடைப்பை மாற்ற வேண்டும். நடுவில் இரண்டு வாரமாவது விடுங்கள். பிளீச்சிங் செய்த உடனே இருக்கும் வெண்மை கொஞ்சம் இறங்கித்தான் நிலைக்கும், சிமென்ட்டும் அதற்குப் பிறகுதான் ஒழுங்காகப் பிடிக்கும். ஆகவே முதல் முறை மருத்துவரிடம் போகும்போதே கல்யாணத் தேதியைச் சொல்லிவிடுங்கள், அவர் நாளைக் கணக்குப் பண்ணிக்கொள்வார்.